வண்டி வழியில் ஏறிய மீன்

எங்கள் அத்தைக்குக் கோபம் வந்தால் யாரையும் திட்ட மாட்டாள், பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள். அந்த வருஷம் ஆடியிலிருந்து ஐப்பசி வரை எங்கள் வீட்டில் ஒரு சொம்புகூட நெளியாமல் தப்பவில்லை. கோபம் அவளுக்கு அவள்மேலேயே.

உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் ஊர். மேற்கில் ஒரு செம்மண் மேடு. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் ஒரு கால்வாயில் இறங்கி ஏரிக்கு வரும். ஏரி நிரம்பினால்தான் கடைசியில் இருக்கும் அத்தையின் வயலுக்குத் தண்ணீர் எட்டும். மற்ற மாதங்களில் கால்வாய் காய்ந்து கிடக்கும். மாட்டு வண்டி, டிராக்டர், பள்ளிக்கூடம் போகிற நாங்கள், எல்லாரும் அதில்தான் போவோம். ஊரில் ஒருத்தரும் அதைக் கால்வாய் என்று சொன்னதில்லை. வண்டி வழி, அவ்வளவுதான்.

மேட்டில் கிராவல் குவாரி போட அளவெடுக்க வந்தவர்கள், அங்கே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த அத்தையிடம் கால்வாயைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். வண்டி வழிதான், தாராளமாகப் போங்கள் என்றாள். வீட்டுக்குக் கூட்டிவந்து மோர் வேறு கொடுத்தாள். கொஞ்ச நாளில் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டிய வரைபடத்தில் கால்வாய், லாரிப் பாதையாகியிருந்தது. அதில் ஜல்லி கொட்டி உயர்த்தப் போகிறார்களாம். நைனா படித்துச் சொன்னதும் அத்தை உள்ளே போய் அண்டாவை உருட்டினாள்.

ஐப்பசியில், பெரிய மழைக்கு மறுநாள், பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். குவாரிக்காரர் எல்லாருக்கும் டீயும் போண்டாவும் ஏற்பாடு செய்திருந்தார். ஒருத்தர் கொடுத்ததைத் தின்றுவிட்டு அவரையே எதிர்த்துப் பேசுவது எங்கள் ஊரில் மரியாதை கிடையாது. அத்தைக்கு இது தெரியும்.

"ஒரு வாய் டீ குடிச்ச, தொலைச்சிடுவேன்" என்று என்னை முன்னாலேயே மிரட்டியிருந்தாள். அந்தப் போண்டா வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

முறைத்துக்கொண்டு வந்த ஊர், போண்டா தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அத்தை எழுந்தாள். அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்த குண்டானை அப்படியே அதிகாரியின் மேஜைமேல் கவிழ்த்தாள். அங்கே விரித்திருந்த வரைபடம் முழுக்கக் கெளுத்தியும் கெண்டையும் துள்ளின. மழைத் தண்ணீரை எதிர்த்து ஏரியிலிருந்து கால்வாயில் ஏறிய மீன்கள். மூங்கில் பறி வைத்து விடியற்காலையில் பிடித்தவை.

"வண்டி வழின்னு நான்தான் சொன்னேன், சார். தப்பு என்னுதுதான். வண்டி வழியில மீன் இன்னாத்துக்கு ஏறிக்கினு கீது? நீங்களே கேளுங்க."

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த அதிகாரி கெட்டவர் இல்லை. பாதையை மேட்டுக்கு அந்தப் பக்கமாக மாற்றச் சொல்லி அங்கேயே எழுதினார். ஊர் கைதட்டியது. அத்தை உட்காரவில்லை.

"மேட்டையே வெட்டிட்டா தண்ணி எங்கேருந்து சார் வரும்?"

"வெட்டுற பள்ளத்துல தண்ணி நிக்கும்மா. ஆடு மாடு குடிக்கலாம். அதுவும் திட்டத்துல இருக்கு."

அதற்குள் இரண்டாவது சுற்று போண்டா வந்துவிட்டது. ஊர் அந்தப் பக்கம் திரும்பியது.

அன்றைக்கு மீன் குழம்பு. அத்தை சாப்பிடவில்லை. ஜெயித்தவள் எதற்குப் பட்டினி கிடக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் அவள் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.

மேடு போய்ப் பள்ளம் வந்தது. சுற்றிலும் கம்பிவேலி, ஆடு மாடு எட்டிப் பார்க்கக்கூட முடியாது. அத்தையின் வயலில் முள்தான் முளைத்தது. கால்வாய் மட்டும் வரைபடத்தில் நீலக் கோடாகப் பத்திரமாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஐப்பசி பிறந்தால் அத்தை அந்தக் காய்ந்த கால்வாயில் பறியைக் கொண்டுபோய் வைப்பாள். கூடப் படித்தவர்கள் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும். மீன் வராது அத்தே என்று கெஞ்சியிருக்கிறேன். போடி வேலையைப் பார்த்துக்கினு என்பாள். ஒருமுறை சுருக்கு வழியாக அதில் இறங்கிய லாரியைப் பறிக்குப் பக்கத்தில் நின்றே மறித்தாள். டிரைவர் கத்திப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். நான் தூரத்தில் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

அவள் அதை மீனுக்காக வைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பறி கிடக்கிற இடத்தை இனி எவனும் வந்து வழி என்று எழுத முடியாது. இந்த ஐப்பசியிலும் வைத்திருக்கிறோம்.