சாம்பிள் அறையில் அடித்த போன்

என் தம்பி மகளின் கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் போகவில்லை. தம்பி ஒரு வார்த்தை கூப்பிடவில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னேன். அவன் கூப்பிட்டான். பல நாள் கூப்பிட்டான். அது என் காதுக்கு வராதபடி செய்தவன் நான்தான்.

அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போனது ஒரு பிரஸ் ஷாப். கார் கம்பெனிகளுக்குத் தகட்டில் சின்னச் சின்ன பாகங்கள் அடித்துக் கொடுக்கும் தொழில். திருமுடிவாக்கத்தில் பழைய ஷெட் இருந்தது. பிறகு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பெரிய தொழிற்சாலை கட்டினோம். தம்பி குடும்பத்தோடு அங்கேயே குடியேறி அதைப் பார்த்துக்கொண்டான். நான் இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் மேற்குத் தாம்பரத்து ஆபீஸில் உட்கார்ந்தேன். அவன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மெஷின் பக்கத்தில் நின்று வளர்ந்தவன். தொழிலாளிகளின் பேச்சே அவன் பேச்சாகிவிட்டது. அதுவே எனக்கு எரிச்சல். வாடிக்கையாளர்கள் முன்னால் அவன் வாயைத் திறந்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவனுக்கு அது தெரியும். தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவான்.

இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிச் சில வருடங்களில், ஆபீஸ் கம்ப்யூட்டரையும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டரையும் இணைக்கத் தனி லைன் எடுத்தோம். இரண்டு முனையிலும் ஒரு ரூட்டர். அதன் பின்பக்கத்தில் காலி இடங்களைத் தகடு போட்டு மூடியிருப்பார்கள். தகட்டின் திருகைக் கழற்றி வாய்ஸ் கார்டு என்ற ஒன்றைச் செருகினால், அதே லைனில் போனும் பேசலாம் என்றார் விற்றவர். கார்டுகளை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டேன். கையேட்டைப் படித்து நானே செய்தேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கார்டைச் செருகுவது சுலபம். எந்த எண்ணை அழுத்தினால் எந்தப் போன் அடிக்க வேண்டும் என்று ரூட்டருக்கு வரி வரியாகத் தட்டிச் சொல்வதுதான் வேலை. என் மேசைக்கு 201. தம்பி மேசைக்கு 301. தாம்பரத்துக் கார்டில் ஒரு இணைப்பு மிச்சமிருந்தது. அதற்கு 209 என்று எண் கொடுத்து, ஒரு பழைய போனை மாட்டி, பாகங்களின் மாதிரிகளை அடுக்கிவைத்திருந்த சாம்பிள் அறையில் வைத்தேன். அந்த அறை வராண்டாவின் கடைசியில், என் அறைக்குச் சத்தம் எட்டாத தூரத்தில் இருந்தது; எப்போதும் பூட்டியிருக்கும். சாவி என்னிடம்.

முதல் அழைப்பை நான்தான் போட்டேன்.

“கேக்குதா?”

“கேக்குதுண்ணா. கெணத்துல வுழுந்தவன் பேசற மாதிரி கீது.”

“சரி பண்றேன்.”

“இதுக்கு நீ நேர்லயே வந்து பேசலாம். இங்க வந்தா இன்னா, சட்டைல எண்ணெ பட்டுருமா?”

நான் போனை வைத்துவிட்டேன். அந்தப் போன்களில் நாங்கள் பேசியதில் பாதி இந்த மாதிரிதான்.

பெரிய சண்டை தகடு அடிக்கும் ஒரு பிரஸ் மெஷினால் வந்தது. திருமுடிவாக்கத்தில் கிடந்த அப்பா காலத்து பிரஸ்ஸை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிரேன் வைத்துத் தூக்கிச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டான். எனக்குக் கணக்குப் பிரிவு சொல்லித்தான் தெரிந்தது. 301-ஐ அழுத்தினேன்.

“யாரைக் கேட்டு பிரஸ்ஸைத் தூக்கினே?”

“பிரஸ்ஸையே கேட்டேன். இங்க துரு புடிக்குது, இட்டுகினு போடான்னுச்சு.”

“நக்கலா? அப்பா இருந்திருந்தா…”

“அப்பா இருந்தா அவரே கிரேன்ல ஏறி நின்னிருப்பாரு. நீ ஏசி ரூம்ல குந்திகினு அந்தப் பொட்டிய நோண்டு.”

அவன் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவரல்ல, இரண்டு மூன்று பேர். தொழிலாளிகள் முன்னால் சொல்லியிருக்கிறான். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

“இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே. வீட்டுக்குப் போனும் பண்ணாதே. எதா இருந்தாலும் இந்தப் போன்ல, ஆபீஸ் நேரத்துல.”

“செரி சார்” என்றான். அவன் என்னை சார் என்றது அதுவே முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் என் மேசைப் போன் அடித்தது. அவன்தான் என்று தெரியும். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து ரூட்டருக்குள் போனேன். 301-லிருந்து 201-க்கு வரும் அழைப்பு இனி 209-க்குப் போகட்டும் என்று தட்டினேன். மற்றவர்கள் போட்டால் எனக்கு வரும். தொழிற்சாலை ஸ்டோர்ஸிலிருந்து வரும், வாசல் கேட்டிலிருந்து வரும். தம்பி போட்டால் மட்டும் பூட்டிய அறையில் அடிக்கும். அவன் காதில் மணிச் சத்தம் வழக்கம்போலக் கேட்கும். நான் எதிரே உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் இருக்கிறேன் என்று அவன் நினைக்க வேண்டும். அதுதான் என் நோக்கம். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு இல்லை.

அதைச் சேமிக்கவில்லை. ரூட்டரில் தட்டியது உடனே வேலை செய்யும். ஆனால் சேமி என்று தனியாகச் சொல்லாவிட்டால் மின்சாரம் போனதும் மறந்துவிடும். தாம்பரத்தில் மின்சாரம் போகாத நாள் கிடையாது. எங்கள் யூ.பி.எஸ்ஸின் பேட்டரியும் செத்துக்கொண்டிருந்தது. கரண்ட் போகிறவரை அடிக்கட்டும், அதுவரை அவனுக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

கரண்ட் போவதற்குள், ஸ்டோர்ஸ் போனில் எதிரொலி கேட்கிறது என்று புகார் வந்தது. அதைச் சரிசெய்தேன். சரிசெய்ததைச் சேமித்தேன். அதோடு அந்த வரியும் சேர்ந்து சேமிக்கப்பட்டது. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். பல வருடம் எனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், சேமிக்கும் கட்டளையைத் தட்டியபோது அந்த வரி என் நினைவில் இருந்தது. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் கரண்ட் போய் வந்தது. அழிந்திருக்கும் என்று நானே நம்பத் தொடங்கினேன். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள் பள்ளிக்கரணையிலிருந்து வருவார். ஒருநாள் காலை, “சார், பூட்டுன ரூம்ல போன் அடிக்குது” என்றார். “உங்க வேலையைப் பாருங்க” என்றேன்.

பிறகு நானும் காத்திருக்க ஆரம்பித்தேன். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவன் ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குக் கோபம். தம்பி அவன், அவன்தானே முதலில் இறங்கி வர வேண்டும்?

அப்போதுதான் குரோம்பேட்டைச் சொந்தம் ஒருவர் வழியாக என் மனைவிக்குச் செய்தி வந்தது.

“பாப்பாவுக்கு நிச்சயம் ஆயிடுச்சாம். ஊரப்பாக்கத்துல மண்டபம் பாத்தாச்சாம். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லல.”

“நீங்க ஒரு போன் போடுங்களேன்.”

“பெரியவன் நானா, அவனா?”

“எனக்காகப் போடுங்க.”

போடவில்லை. அவளையும் போடவிடவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் தம்பி மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தாம்பரத்தில் எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தாள். சனிக்கிழமை மதியம் தம்பி வந்து அழைத்துப்போவான், திங்கள் காலை கொண்டுவந்து விடுவான். அவளுக்குத் தலைவாரி விட்டது என் மனைவி. அந்தப் பெண்ணின் கல்யாணத்தன்று என் மனைவி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். நான் ஆபீஸுக்குப் போய்விட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

மகள் கல்யாணம் என்றால் தட்டில் வெற்றிலை பாக்கோடு அண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் வர வேண்டும். தபாலில் பத்திரிகை அனுப்பினால் அது அவமானம். வாசப்படி மிதிக்காதே என்று நான் சொல்லிவிட்டேன். வரலாமா என்று கேட்க நான் விட்டுவைத்த வழி அந்தப் போன் ஒன்றுதான். வீட்டுக்குப் போன் பண்ணாதே என்று நான் சொன்ன ரோஷத்தில் பாப்பாவையும் அவன் பண்ணவிடவில்லை. என்னிடம் செல்போன் இல்லை. ஆபீஸில் வெளி அழைப்பு வரும் போன் கணக்குப் பிரிவு மேசையில் இருந்தது. அதில் கூப்பிட்டு, குமாஸ்தாக்கள் காதுபட அண்ணனிடம் கெஞ்ச அவன் தயாராக இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த ஒரே ஒற்றுமை அந்த வீம்புதான்.

சில மாதம் கழித்து பெருங்களத்தூரில் ஒரு உறவினரின் அறுபதாம் கல்யாணம். கை கழுவும் இடத்தில் தம்பி எதிரே நின்றான். பத்துப் பேர் இருந்தார்கள். அதனாலேயே கேட்டேன்.

“பொண்ணு கல்யாணத்தை ஊரைக் கூட்டிப் பண்ணிட்டே. ஒரு போன் பண்ண விரல் வலிச்சுதோ?”

அவன் முகம் மாறியது. “யாரு? நான் பண்ணலியா? ஒரு வாரம் டெய்லி காலைல பண்ணேன். மணி அடிச்சுகினே இருந்துச்சு. நீதான் எடுக்கல.”

“பொய் சொல்லாதே.”

“எங்க ஊர் நரசிம்மர் மேல சத்தியம். பாப்பா பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு. ‘பெரியப்பா எடுக்கலியாப்பா’ன்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்றது? உன் பெரியப்பன் குந்திகினு வேடிக்க பாக்கறான்னா?”

“சத்தியம் பண்ற வாயைப் பாரு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த மணி எங்கே அடித்தது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பெருக்கும் அம்மாளிடம் கேட்டேன்.

“இன்னா சார், இப்ப வந்து கேக்குற? அன்னிக்கே சொன்னேனே. நான் வராண்டா தொடைக்கறப்பல்லாம் அடிச்சுகினே கெடக்கும். ஒருநாள் தாங்காம கதவத் தட்டிகூட பாத்தேன், உள்ள எவனாச்சும் மாட்டிகினானான்னு. நீதான் சாவிய பைல போட்டுகினு சுத்தறியே.”

ரூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். அந்த வரி நான் தட்டியபடியே இருந்தது. எடுத்தேன். எடுத்ததைச் சேமித்தேன்.

வீட்டில் மனைவியிடம், “மெஷின்ல ஏதோ கோளாறு. அவன் பண்ணின போன் எனக்கு வரவே இல்லை” என்றேன். நான் சொன்னதை அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை, எழுந்துபோய்த் தம்பி வீட்டுக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டே பேசினாள். அந்தப் பக்கம் அவனும் அழுதிருக்க வேண்டும். “அண்ணனை அனுப்புங்க அண்ணின்னு சொல்றார்” என்றாள்.

போனேன். தொழிற்சாலையில் அவன் அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். டீ வரவழைத்தான்.

“அந்தப் பொட்டியத் தூக்கி ஏரில போடுண்ணா. அதால எவ்ளோ பேஜாரு பாரு. நான் உன்ன இன்னா இன்னாவோ பேசிட்டேன். வூட்ல, இங்க, எல்லாரண்டயும் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத.” பிறகு, “பாப்பா அடுத்த வாரம் வருது. மாப்ளையோட இட்டாறேன். அண்ணி கையால சாப்டணும்னு சொல்லிகினே கீது” என்றான்.

நான் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்திருந்தால் முடிந்திருக்கும். அவன் மன்னிப்புக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. நல்ல குணத்தால் சொன்னேன் என்று நான் சொல்லமாட்டேன். திட்டுவதற்கு நான் இத்தனை நாள் காத்திருந்தவன் முன்னால், மன்னிக்கப்பட்டவனாக உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியவில்லை.

“மெஷின் கோளாறு இல்லடா. நான்தான் அப்படி வச்சேன். நீ போட்டா மட்டும் சாம்பிள் ரூம்ல அடிக்கிற மாதிரி.”

அவனுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

“பாப்பா கல்யாணம்னு தெரியுமா அப்போ?”

“தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

டீ கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

“அண்ணி சொன்னதயே நீயும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? நான் நம்பிட்டேனே” என்றான். கத்தவில்லை. “இப்ப எதுக்கு வந்து சொன்ன? உன் பாரத்த எறக்கி வக்க என் டேபிள்தான் கெடச்சுதா?”

மேசைப் போனை எடுத்தான். 201-ஐ அழுத்தினான். “இப்ப எங்க அடிக்குது?”

“என் மேசையில.”

“அங்க யாரு கீறா?”

“யாரும் இல்ல. நான்தான் இங்க இருக்கேனே.”

ரிசீவரை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு ஷாப்புக்குள் போய்விட்டான். பிரஸ் சத்தத்துக்கு நடுவிலும் அந்த மணி ரிசீவருக்குள் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் திரும்பி வருவான் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. நானே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள்.

“பாப்பாவைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னாரா?”

“சொன்னான்” என்றேன்.

“எப்போ?”

“அடுத்த வாரம்.”

பாப்பாவுக்கு வஞ்சிர மீன் என்றால் உயிர். வருகிற அன்று மார்க்கெட்டில் நல்லதாகப் பார்த்து வாங்கிவர வேண்டும் என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பையை என் கையில் கொடுத்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போய் வாங்கி வந்தேன்.