சௌந்திரம் தன் கம்ப்யூட்டருக்குப் பூக் கேட்டது

என் வீட்டுக்காரர் கந்தப்பன் இறந்தபோது, மாலை போட்டு வைக்க அவருடைய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. தேடிப் பார்த்ததில் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தது. அதிலும் அவர் பின்வரிசையில் நின்றார். ஒரு தோளை முன்னால் நின்றவர் தலைப்பாகை மறைத்துவிட்டது. அதைப் பக்கத்துக் கடைச் சௌந்திரத்திடம் கொடுத்து, "மொகம் மட்டும் வந்தாப் போதும் சாமி" என்றேன். மறுநாள் காலையில் அவளே படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துவந்து, சுவரோரமாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். படத்தில் அவருக்கு இரண்டு தோளும் இருந்தன. அவர் ஆசைப்பட்டும் தைத்துக்கொள்ளாத வெள்ளைச் சட்டையும் இருந்தது. அந்தச் சட்டைப் பேச்சை என்றைக்கோ பூக் கட்டிக்கொண்டே அவளிடம் சொல்லியிருக்கிறேன் போல.

அப்படிப்பட்டவள் அவள். அந்தத் தோளையும் சட்டையும் அவள் வரைந்த கம்ப்யூட்டருக்கு வயதாகிப்போய், வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

வெண்ணந்தூரில் எங்கள் மாரியம்மன் கோயில் வாசலில் எனக்குப் பூக்கடை. அடுத்த கடை சௌந்திரத்துடையது. கல்யாணப் பத்திரிகை, சீர் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் எழுத்து அடித்து, படம் சேர்த்து, அச்சுக்கு அனுப்புவாள். கோயில் பூச்சாட்டு நோட்டீஸும் வருசா வருசம் அவள் கையால்தான். அம்மன் திருவிழாவுக்கு ஊரையே கூப்பிடுகிற தாள் அது. அதில் எந்தக் குடும்பத்துப் பெயருக்கு அடுத்து எந்தக் குடும்பத்துப் பெயர் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மாறினால் ஊரில் சண்டை வரும். மாறியதே இல்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் கம்ப்யூட்டருக்குப் பூசை செய்வாள். மேசைக்குக் கீழே இருக்கிற பெட்டிக்கு மூன்று விரலால் திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, என்னிடம் வாங்கிய மல்லிகையில் ஒரு துண்டு சார்த்தி, சாம்பிராணித் தட்டை முன்னாலும் பின்னாலும் காட்டுவாள். "நமக்குச் சோறு போடறது இதுதானுங்கக்கா" என்பாள். எனக்குப் பார்க்கவே நிறைவாக இருக்கும்.

போன வருசம் அந்தப் பெட்டி படுத்தத் தொடங்கியது. காலையில் அவள் பொத்தானை அழுத்தினால், திரையில் வெளிச்சம் வருவதற்குள் நான் ஒரு முழம் கட்டி முடித்துவிடுவேன். அப்புறம் உறுமும். சூடேறும். பாதி வேலையில் பட்டென்று அணைந்துவிடும். அடித்த எழுத்தெல்லாம் போய்விடும். திரும்ப அடிப்பாள். திரும்ப அணையும்.

சரியாகப் பூச்சாட்டு நெருங்குகிற நேரம். கோயில் கமிட்டிக்காரர் வந்து, "வெள்ளிக்கெழமைக்குள்ள நோட்டீஸ் வேணும் அம்மிணி. உன்னால முடியாதுன்னாச் சொல்லிப்போடு, ராசிபுரத்துல குடுத்தர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சௌந்திரத்தின் முகம் செத்துவிட்டது. ஒரு தடவை கைமாறினால் அந்த வேலை திரும்பி வராது.

அவள் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி முன்பு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஓட்டுநராக இருந்தவர். ஊர் ஊராகப் போய்ப் போர்க் கிணறு போட்டவர். அவர் வந்து கடை வாசலில் நின்றுகொண்டு, "பாறையத் தொளைக்கற ரிக் வண்டியவே காலம் போனா வித்துப்போட்டு வேற வாங்கறாங்க. நீயி இந்தத் தகரப் பொட்டியக் கட்டீட்டு அழுகறயே புள்ள" என்றார்.

"உங்களுக்கும் காலம் போயிருச்சுங் மாமா. நான் என்ன மாத்தியா போட்டேன்?" என்றாள் சௌந்திரம்.

நான் சிரித்ததில் நார் அறுந்துவிட்டது.

ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் பயம். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சந்தோஷ்குமார் போனிலேயே, "பழசுங்கக்கா, புதுசு எடுத்துருங்க" என்று சொல்லியிருந்தான். புதியதில் அவள் பழகிய பழைய தமிழ் எழுத்து ஏறாமல் போனாலும் போகுமாம். வாங்கவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. சாயங்காலம் என் கடைக்கு வந்து, "கண்ணாத்தாக்கா, ஒரு மல்லியும் ஒரு செவ்வரளியும் குடுங்க. ஆத்தாளையே கேட்டுப்போடலாம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். கம்ப்யூட்டருக்கு யாரும் கேட்டதில்லை. பூசாரியே ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "ஆத்தாளுக்கு அதுவும் தெரியும்" என்று சொல்லி, இரண்டு பூவையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கட்டி, அம்மன் பாதத்தில் வைத்தார். வெள்ளைப்பூ வந்தால் புதியது வாங்கலாம், செவ்வரளி வந்தால் வேண்டாம். சாமி கும்பிட வந்திருந்த பாவாயியை ஒன்றை எடுக்கச் சொன்னோம். அவள் எடுத்த இலையைப் பூசாரி பிரித்தார்.

செவ்வரளி.

"அப்பறமென்ன, நோட்டீஸையும் ஆத்தாளே அடிச்சுக் குடுக்கட்டும்" என்றார் வெள்ளியங்கிரி.

"குடுப்பாளுங்" என்று சொல்லிவிட்டுச் சௌந்திரம் அங்கேயே நின்று சந்தோஷ்குமாருக்குப் போன் செய்தாள். "புதுசு வேண்டாந் தம்பி. ஒருக்கா வந்து பழசத் தெறந்து பாத்துப்போடு."

மறுநாள் அவன் வந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். நானும் கடையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு, "அக்கா, உள்ளுக்கு ஒரு கோயலே இருக்குதுங்க" என்றான்.

உள்ளே திருநீறு படிந்து கிடந்தது. அதன்மேல் சாம்பிராணிப் புகை பிசுக்காக ஒட்டி, சூட்டைத் தணிக்கிற குட்டி விசிறி சுற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. காய்ந்த மல்லிகை இரண்டு மூன்று. ஆயுத பூசைப் பொரிகூட ஒன்று கிடந்தது.

"வெள்ளிக்கெழமையானா இதுக்கு மூச்சு முட்டுமுங்க. அதுதேன் சூடேறி அணையுது. வயசு பாதி, பக்தி பாதி" என்றான்.

சௌந்திரம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளியங்கிரி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று ஆத்தாளுக்குத் தெரியாமலா செவ்வரளியைக் கொடுத்தாள்?

காற்றடிக்கிற மிஷினை வைத்து அவன் ஊதியபோது கோயில் வாசலே சாம்பிராணி மணத்தது. விசிறி கரகரவென்று சுற்றியது. "சுத்தம் பண்ணியாச்சு. ஆனா டிஸ்க்கு பழசு. அத மாத்தி, மெமரியும் கொஞ்சம் சேத்திப்போட்டாப் பறக்குமுங்க. உங்க எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும்" என்றான். சௌந்திரம் என்னைப் பார்த்தாள். "புதுசு வாங்கறதத்தான் ஆத்தா வேண்டாமுன்னா. உறுப்பு மாத்தறதச் சொல்லலையே" என்றேன். வெள்ளியங்கிரியும் தலையை ஆட்டினார். "ஆமா, வண்டிக்கு இஞ்சின் மாத்தறதில்லயா? மாத்துடா."

பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு எல்லாம் மாறும்போது, சரியாக வந்திருக்கிறதா என்று சௌந்திரம் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தாள். ஊரே திரையில் வந்து போயிற்று. மணமக்கள், மொட்டையடித்த பிள்ளைகள், போய்ச்சேர்ந்தவர்கள். ஓர் இடத்தில் அவள் கை நின்றது. வெள்ளைச் சட்டையில் என் வீட்டுக்காரர். "இருக்காருங்கக்கா" என்றாள். நான் அம்மன் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அதன் பிறகு அவள் பொத்தானை அழுத்தினாள். நான் பழக்கத்தில் நாரைக் கையில் எடுத்தேன். முதல் முடிச்சு விழுவதற்குள் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது. வெள்ளியங்கிரி சின்னப் பிள்ளை மாதிரி, "அணைச்சுட்டு மறுக்கா போடு புள்ள" என்று கேட்டு, போட்டுப் போட்டுப் பார்த்தார். நோட்டீஸ் வியாழக்கிழமையே தயாராகிவிட்டது. முதல் தாளை அம்மன் பாதத்தில் வைத்தோம். கமிட்டிக்காரர் பெயர்களைக் கடைசிவரை படித்துப் பார்த்துவிட்டு, "ராசிபுரத்துக்காரனுக்கு இந்த வரிசை வருமா?" என்றார்.

இந்தத் தை மாதம் அவர்கள் சேலத்துக்குக் குடிபோனார்கள். அஸ்தம்பட்டியில் பள்ளி வேன் ஓட்ட வெள்ளியங்கிரிக்கு வேலை கிடைத்தது. அங்கேயே ஏற்காடு ரோட்டோரமாக அவளுக்கும் ஒரு கடை பிடித்துவிட்டார்கள். பூச்சாட்டு நோட்டீஸ் மட்டும் அவள்தான் அடிக்க வேண்டும் என்று கமிட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டது. சாமானெல்லாம் வேனின் பின்னால் ஏற்றியாயிற்று. கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு முழம் மல்லிகையை நீட்டினேன். வாங்கி, பெட்டிக்குச் சார்த்தப் போனவள், கையைப் பின்னுக்கு இழுத்து, பூவைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்.

"அடுத்த வாட்டி இது மக்கர் பண்ணுனாலும் இங்கதேன் வருவனுங்கக்கா. ஒரு மல்லி, ஒரு செவ்வரளி எடுத்து வெய்யுங்க. வாரேன்."