அம்மாவின் இருமலை நான் இருமிய கதை

அந்த வண்டியின் பின்கதவைத் திறந்ததும் ஸ்பிரிட்டும் டீசல் புகையும் கலந்த நெடி மூக்கில் ஏறும். அதிலேயே எங்களுக்குப் பாதி நோய் தீர்ந்துவிடும், மீதிக்குத்தான் மாத்திரை. ஆந்திர எல்லையில் நகரியிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் திரும்பக்கூட இடமில்லாத எங்கள் ஊருக்கு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வரும் மருத்துவ வண்டி அது. நாங்கள் "மாத்திர பஸ்" என்போம். பதினொரு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடும்.

எங்கள் ஊருக்குப் பகலில் கரண்ட் இருப்பதும் அப்போதுதான், பதினொன்றிலிருந்து இரண்டு வரை. வீட்டுக்கு வீடு விசைத்தறி. கரண்ட் இருக்கும்போது தறியை விட்டு எழுந்தால் புடவை முடியாது. இது ஊர் நாய்க்கும் தெரியும், வண்டிக்கு நேரம் குறித்தவனுக்கு மட்டும் தெரியாது. ஆகவே நோய் பெரியவர்களுக்கு, வரிசை பிள்ளைகளுக்கு என்று ஊரே பழகிப்போனது.

பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துக்கொள்ளாததால் நான் எப்போதும் தயார். ஒன்பது வயதில் ஊரிலேயே மோசமான நோயாளி நான்தான். எதிர்வீட்டு வள்ளி அத்தையின் முட்டிவலி எனக்கு, சுகரும் எனக்கு. ஒருமுறை அத்தைக்காக என் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, சுகர் இல்லை என்றார்கள். அன்றைக்கே அத்தை பாயசம் காய்ச்சிக் குடித்தாள். எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. அவள் காலில் புண் வந்த பிறகுதான் அந்தப் பாயசம் எனக்குக் கசந்தது.

வண்டியில் மருந்து எழுதிக் கொடுப்பவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். பெயர் கேட்டால் அம்மா பெயரைச் சொல்வேன். "செல்வி" என்று எழுதிக்கொள்வார். டிராயர் போட்ட செல்வி.

அம்மாவுக்கு இருமல். "பஞ்சு தொண்டையில மாட்டிக்கினு கீதுடா, வேற ஒண்ணும் இல்ல" என்பாள். அனுப்பும்போது பாடமும் எடுப்பாள்.

"சும்மா நிக்காத, இருமிக் காட்டு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"அடப்பாவி, என்னவிட நல்லா இருமுறியேடா!"

பள்ளியில் வாங்காத பாராட்டு என்பதால் அடுத்தடுத்த மாதம் இன்னும் நன்றாக இருமினேன். சிவப்பு மருந்து பாட்டில் தவறாமல் வந்தது. ஒருநாள் அம்மா துப்பியதிலும் சிவப்பு வந்தது.

அந்த மாதம் வண்டியில் ஒரு புது நர்ஸம்மா, நாகலாபுரம் பக்கத்துத் தமிழ்க்காரி. ரத்தம் என்றதும் நிமிர்ந்தாள். என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"உன் நெஞ்சுல ஒண்ணுமே இல்லையே. யாருக்குடா இருமலு?"

"எங்கம்மாவுக்கு."

"அவங்கள கூட்டினு வாடா. ஓடு!"

ஓடினேன். அம்மா தறியை நிறுத்தவில்லை. "அர மொழம்தான் கீது, முடிச்சிட்டு வரேன்." நானும் நின்று வேடிக்கை பார்த்தேன், எனக்கிருந்த புத்தி அவ்வளவுதான். நாங்கள் போனபோது மணி ஒன்று தாண்டிவிட்டது, வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா கெஞ்ச, டிரைவர் கத்தினான்: "அடுத்த ஊருக்கு நேரத்துக்குப் போனேன்னு ஆபீசுக்கு போட்டோ அனுப்பணும்மா, லேட்டானா என் தலைதான் உருளும்." தலையெல்லாம் பஞ்சோடு அம்மா புழுதியில் நின்றாள். அந்த நர்ஸம்மாவை அதன் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு நடக்கவே மூச்சு வாங்கிய பிறகுதான் நைனா திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். காசம், ஒரு பக்க நுரையீரல் போய்விட்டது என்றார்கள். "ஊருக்கு வண்டி வருதே, காட்டலையா?" என்று டாக்டர் திட்டினார். காட்டினோம் சார். என்னைக் காட்டினோம்.

இப்போது புது வண்டி வருகிறது, வெள்ளை வெளேரென்று, உள்ளே ஏசி. நேரம் மட்டும் அதே பதினொன்று. போன செவ்வாய்க்கிழமை அம்மாவை பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். உள்ளே இருந்த பெண் ரேகை மெஷினை நீட்டினாள். ஒரு விரல், இன்னொரு விரல், பத்தும் வைத்தாயிற்று. காலமெல்லாம் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் போட்டு அம்மாவின் விரலில் ரேகையே காணாமல் போயிருந்தது.

"ரேகை விழாம மருந்து தர முடியாதுண்ணா. இவங்கதான் அவங்கன்னு எப்டி தெரியும்?"

"நான்தாம்மா நானு" என்றாள் அம்மா, இருமிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. மணி ஒன்றாகி டிரைவர் வண்டியைக் கிளப்பினான். நான் முன்சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"யோவ், எந்திரி!"

"ஏத்திட்டுப் போய்யா. அதையும் போட்டோ எடுத்து அனுப்பு."

ஹாரன் அடித்தான். தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்று சனம் வெளியே வந்தது, கரண்ட் இருக்கும்போதே. கடைசியில் அந்தப் பெண் மெஷினை உள்ளே வைத்துவிட்டுக் குழாயோடு இறங்கி வந்து, அம்மாவின் முதுகில் வைத்தாள்.

"மூச்ச நல்லா இழுங்கம்மா."

அம்மா இழுத்தாள். மிச்சமிருந்த அளவுக்குத்தான் வந்தது.