புஸ்பராணியின் இடது கால்

புஸ்பராணிக்குத் தன் இடது காலைப் பற்றி யாரும் கதைத்தால் பிடிக்காது. எனக்கு அவள் சொல்வதைக் கேட்டு நடக்கப் பிடிக்காது. அதனால் எழுதுகிறேன். என் பெயர் அன்ரனெற், கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் இருக்கிறேன், வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும்.

விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் ஒரு கிச்சினில் அவளும் நானும் கிளடிஸும் ஒரே பெல்ற்றில் பத்தொன்பது வருடம் நின்றோம். தட்டு நகர்ந்து வரும். நான் பாணை வைப்பேன், கிளடிஸ் சலாட்டை வைப்பாள், புஸ்பராணி கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் கடதாசித் துண்டில் சுற்றிக் கடைசியாக வைப்பாள். மட்டக்களப்புக்காரி, பேச்சோடு பேச்சாக 'கா' ஒட்டிக்கொண்டு வரும். பிறம்ரனில் ஒரு பேஸ்மென்றில் இருந்துகொண்டு மகன் சஞ்சீவனைத் தனியே வளர்த்து ஆளாக்கியவள். யப்பானுக்குப் போகும் விமானத்துக்கு எத்தனை ஆயிரம் தட்டு அடைத்திருப்பாளோ தெரியாது. தான் ஏறியது கொழும்பிலிருந்து கனடாவுக்கு வந்தபோது மட்டும்தான்.

மூன்று வருடத்துக்கு முன் சீனி வருத்தம் அவளுடைய இடது காலில் கை வைத்தது. பாதத்தில் உணர்வே இல்லாமல் போய்விட்டது. ஒருநாள் சப்பாத்துக்குள் ஒரு சின்னத் திருகாணி விழுந்து கிடந்திருக்கிறது. அதன்மேல் ஒரு முழு ஷிப்ற் நின்றிருக்கிறாள். வீட்டில் சொக்ஸைக் கழற்றும்போதுதான் இரத்தத்தைக் கண்டாள். புண் புழுத்து, கணுக்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர்கள் சொன்னார்கள். நாலு மாதம் படுக்கை. கட்டிலுக்கு எதிரே, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கலண்டர் தொங்கியது. அதில் செம்மஞ்சள் நிற மரவாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலையில் ஏறி, ஒரு வளைவில் திரும்பி மறையும். கீழே கியோட்டோ, யப்பான் என்று போட்டிருந்தது. மாதம் மாறியும் அந்தத் தாளைக் கிழிக்க அவள் விடவில்லை.

"இந்தக் கால் தப்பினா, இந்தக் காலாலேயே அந்த வளைவு மட்டுக்கும் நடக்கிறன் எண்டு நேந்திருக்கன்" என்றாள்.

"அது எந்தச் சாமியெண்டாவது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. வாசல் இருக்குத்தானேகா. அது காணும், வேறொண்டும் வேணாம்."

கால் தப்பியது. கால் கிளினிக்கில் அச்சு எடுத்து அவளுக்கென்றே சப்பாத்துச் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்றார்கள். இன்னொரு புண் வந்தால் காப்பாற்ற முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

கிளடிஸின் மகள் ஸ்டெபனி ஒசாகாவில் இங்கிலிஸ் படிப்பிக்கிறாள். போன நவம்பரில் மூன்று பேரும் அவளிடம் புறப்பட்டோம். விமான நிலையத்தில் சஞ்சீவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அன்ரி, உங்களை நம்பித்தான் அம்மாவை விடுறன். ரெண்டு காலோட கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓமடா தம்பி" என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

விமானத்தில் சாப்பாடு வந்தது. எங்கள் கிச்சின் தட்டு. புஸ்பராணி கரண்டிச் சுருளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உது எங்கட கிச்சின் வேரோனிக்கா சுத்தினது. அவள்தான் மூலையை உள்ளுக்குள்ள மடிக்கிறவள்" என்றாள். பிறகு பாண் துகள்கூட மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். தட்டை எடுக்க வந்த பெண்ணின் கையைப் பிடித்து அவள் நன்றி சொன்ன விதத்தில், அந்தப் பிள்ளை கொஞ்சம் திகைத்துத்தான் போனது.

சனிக்கிழமை கியோட்டோவில் கிளடிஸின் ராச்சியம். கோட்டை, கடைத்தெரு, தேநீர்க் கடை என்று எங்களை இழுத்துத் திரிந்து, கண்டதையெல்லாம் படம் பிடித்தாள். ஞாயிறு காலை மலைக் கோயிலுக்குப் போனோம். முதல் நாள் இரவு பெய்த மழையில் தரை ஈரமாகக் கிடந்தது.

முதல் வாசலைக் கண்டதும் மூன்று பேரும் குனிந்து சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கோயில் வாசல் என்றால் எங்களுக்குக் கை தானாகவே சப்பாத்துக்குப் போய்விடும். நானும் கிளடிஸும் மாதாவைக் கும்பிடும் வேதக்காரர்தான், ஆனால் மடுமாதா கோயில் வாசலில் வளர்ந்த பழக்கமும் அதுதான். சுற்றிவர அத்தனை சனமும் சப்பாத்தோடு ஏறிப் போனது எங்கள் ஒருவரின் கண்ணிலும் படவில்லை. சப்பாத்துகளைத் தூணோரம் ஒழுங்காக அடுக்கிவிட்டுப் புறப்பட்டோம்.

நூறு வாசல் தாண்டியிருப்போம். என் காலில் ஒரு கூரான கல் குத்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னால் புஸ்பராணி வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தாள்.

"நில்லு. அசையாதை" என்றேன். "உன்ர சப்பாத்து எங்கை?"

அவள் குனிந்து பார்த்தாள். அவள் முகமும் வெளுத்துப்போனது. கிளடிஸ் சப்பாத்தை எடுக்கக் கீழே ஓடினாள். நான் புஸ்பராணியை ஏசினேன். அவளை ஏசியது பாதி, என்னை ஏசியது பாதி. ஒரு கல்லில் இருக்கச் சொன்னேன். அவள் இருக்கவில்லை.

"அன்ரனெற், அங்க பாருகா. அந்த வளைவு."

கலண்டரில் இருந்த அதே வளைவு. இன்னும் முப்பது வாசல்தான் இருக்கும்.

"சப்பாத்து வரட்டும்" என்றேன்.

"வெறுங்காலோட தொடங்கிட்டன். இதை இப்படியே முடிக்க விடு."

விடக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல என் நீள வாய்க்கும் வரவில்லை. "அப்ப நான் முன்னால போறன். நான் கால் வைக்கிற இடத்தில மட்டும் வை" என்றேன்.

அப்படி என் வாழ்நாளில் நான் நடந்ததில்லை. ஒவ்வொரு கல்லையும் பாதத்தால் தடவிப் பார்த்து, குத்துவதைத் தள்ளிவிட்டு, பிறகு அழுத்தி மிதித்தேன். அவள் என் தோளைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். சனம் எங்களுக்கு வழி விட்டது. வளைவில் நின்று அவள் கைகூப்பினாள். என்ன சொல்லிக் கும்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

கிளடிஸ் மூச்சிரைக்க வந்தாள். அவளோடு வாசல் கூட்டும் ஒரு வயதானவர், மூன்று சோடிச் சப்பாத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எண்ணி, ஈரம் துடைத்து எடுத்து வைத்திருந்தாராம். புஸ்பராணியின் சப்பாத்து சாதாரணச் சப்பாத்து இல்லை என்று கண்டதும், கிளடிஸை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க அவருக்கு மனம் வரவில்லை போல. தன் கழுத்திலிருந்த துவாயையும் எனக்கு நீட்டினார்.

நான் படியில் குந்தியிருந்து அவளுடைய இடது காலை மடியில் தூக்கி வைத்தேன். துவாயால் துடைத்து, விரல் விரலாக விரித்துப் பார்த்தேன். குதிக்காலைப் பார்த்தேன். பழைய தழும்பைப் பார்த்தேன்.

"என்னகா, இரத்தமா?" என்றாள். அவளுக்குத் தெரிய வழியில்லை.

"ஒரு கீறல்கூட இல்லை."

மாதாவே, நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். அந்த மனிதரையும் கும்பிட்டேன். அவர் எங்களைவிடப் பணிவாகக் குனிந்துவிட்டுப் போனார்.

புஸ்பராணி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கல்லு எப்படி இருந்திச்சு?"

இத்தனை தூரம் வந்து நேர்த்தியை முடித்த அந்தக் காலுக்கு நடந்ததே தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"குளிர். மழை ஈரம். சில இடத்தில மண் நறநறத்தது. வளைவுக்குக் கிட்ட ஒரு கல் மட்டும் வெயில் பட்டு இளஞ்சூடா இருந்தது."

"அதில நானும் மிதிச்சனானா?"

"ஓம். நான் வைச்ச இடத்திலதானே நீயும் வைச்சனி."

"அப்ப காணும்" என்றாள்.

சப்பாத்தை நான்தான் போட்டுவிட்டேன்.