அத்தை மாற்றி வைத்த செட்டிங்ஸ்

என் மகன் கம்ப்யூட்டரில் விளையாடும் விளையாட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரே கையால் விளையாடலாம். தலை சுற்றுகிறவர்களுக்காகப் படம் குலுங்காமல் நிறுத்திவைக்கக்கூட ஒரு பொத்தான் இருக்கிறது. "இதெல்லாம் யாரும்மா போடுவாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்து ஒருவர் போட்டார், அவரால் நான் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச எனக்கு எப்போதும் வராது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அப்பா கொடைக்கானலில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது தங்கள் பழைய கம்ப்யூட்டரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாயுடுபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதற்குள் எங்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தது ஒரு கார் பந்தய விளையாட்டு மட்டும். ஆறாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் விளையாடலாம் என்று அப்பா அளந்து கொடுத்திருந்தார்.

எங்களிடம் வரும்போதே அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகியிருந்தது. எல்லாவற்றையும் முழு அளவில் வைத்தால் கார் திக்கித் திக்கித்தான் போகும். வளைவில் திருப்பினால் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டு, பிறகு மொத்தமாகத் தூக்கிப் போடும். அதனால் நான் நிழல்களை எடுத்துவிட்டேன். தூரத்து மலைகளைக் குறைத்தேன். மரங்களைப் பாதியாக்கினேன். படத்தை மட்டும் திரை நிறையப் பெரிதாகவே விட்டுவைத்தேன். எதைக் கூட்டினால் எதைக் குறைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. ஆனால் இனிமேல் அந்த விளையாட்டில் இருந்த மலைப்பாதைப் பந்தயத்தில் முதலாவதாக வந்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே நுழைந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு மலைப்பாதை ஆகாது. பஸ் பெருமாள்மலை தாண்டுவதற்குள் வாந்தி ஆரம்பித்துவிடும். அங்கன்வாடி டீச்சர் வேலைக்குத் திண்டுக்கல்லில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தபோது, பாதி வழியில், டம்டம் பாறையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். எதிரே ஏறிவந்த பஸ்ஸைப் பிடித்து, அதிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். இப்போது மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். இதை விட்டால் வேலைக்கான வயது தாண்டிவிடும். எப்படியும் இந்தத் தடவை திண்டுக்கல் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதுதான் வீட்டில் எந்நேரமும் பேச்சாக இருந்தது.

ஒரு நாள் நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அத்தை டீ கொண்டுவந்தார். திரையில் நாலு வளைவைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். வேறு யாராக இருந்தாலும் அதோடு அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். அத்தை வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஏ புள்ள, நெசமாவே இந்த ரோடு இப்படிச் சுத்துதா, எனக்கு மட்டுந்தான் சுத்துதா?"

"ரோடுதான் அத்த சுத்துது."

"அப்ப எனக்கும் சொல்லிக்குடு. வீட்டுலயே சுத்திச் சுத்திப் பழகிட்டா பஸ்ஸுல ஒண்ணும் தெரியாதுல்ல."

அப்பாவுக்கு இது மிகச் சரியான யோசனையாகப் பட்டது. என் ஒரு மணி நேரத்தில் பாதியை வெட்டி அத்தைக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அத்தை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததே பஸ்ஸில் உட்காருகிற மாதிரிதான். நாற்காலியில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். பேப்பர்மேல் உட்கார்ந்தால் குமட்டாது என்பது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாரும் நம்புகிற விஷயம். இடது கையில் ஓர் எலுமிச்சம்பழம். அதை அவ்வப்போது முகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் அந்தக் கையால் வேறு எதையும் தொட மாட்டார். பிரேக்கோ இடது பக்கத்தில் இருந்தது.

"பழத்தைக் கீழ வைங்க அத்த."

"பழமில்லாம மலையில எறங்கச் சொல்றியா? பிரேக்கத் தூக்கி இந்தப் பக்கம் வையி."

வலது கைக்கே எல்லாம் எட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். காருக்குள் இருந்து பார்ப்பது போன்ற படம் அவருக்கு ஆகவில்லை. காருக்குப் பின்னாலிருந்து பார்க்கிற படத்துக்கு மாற்றினேன். அதுவும் பெரிதாக இருக்கிறது என்றார். குறைத்தேன். இன்னும் குறை என்றார். கடைசியில் கறுப்புத் திரையின் நடுவில் தபால் அட்டை அளவுக்குப் படம் நின்றது. "ம், பஸ் சன்னல் மாதிரி இருக்கு. இம்புட்டுப் போதும்" என்றார். மரங்கள் பின்னால் ஓடினால்தான் குமட்டுகிறது என்று எல்லா மரங்களையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மலை மொட்டையாகிவிட்டது. என்ஜின் சத்தம் கேட்டால் டீசல் நாற்றம் வருகிறதாம். கம்ப்யூட்டரில் எப்படி டீசல் நாறும் என்று கேட்டதற்கு, "எனக்கு நாறுது, ஒனக்கென்ன?" என்றார். சத்தத்தையும் நிறுத்தினேன்.

இவ்வளவுக்கும் பிறகாவது ஓட்டினாரா என்றால், அவர் ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்க வேண்டும் என்றார். அந்த விளையாட்டில் ஹாரன் கிடையாது. அதனால் வாயாலேயே "பாம், பாம்" என்று சொல்லிக்கொண்டு திருப்பினார். எதிரே லாரி வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருந்தார்.

"அத்த, ஏன் நிக்கிறீங்க? போங்க!"

"அது ஏறுது, நான் எறங்குறேன். ஏறுற வண்டிக்குத்தான மொதல்ல வழி விடணும்?"

"இது ரேஸு அத்த! எல்லாரும் முன்னால போயிட்டாங்க!"

"போகட்டும். வெரசாப் போயி அங்க அவங்களுக்கு என்ன சோலி கெடக்கு?"

எனக்கு அழுகையே வந்துவிடும். அவர் எழுந்து போன பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாற்றினால்தான் நான் விளையாட முடியும். அதற்கே பாதி நேரம் போய்விடும். மாற்றும்போது எதையாவது மறந்துவிடுவேன். வேகமாகப் போய்க்கொண்டிருக்கையில் இடது கை பிரேக்கைத் தேடும், பிரேக் வலது பக்கத்தில் இருக்கும், கார் மலையில் போய் மோதும். மறுநாள் அத்தை வந்து, "யாரு இதுல மரத்த வச்சது?" என்பார்.

அம்மாவிடம் முறையிட்டேன். "கொஞ்சம் பொறுத்துக்கயேன். அவ என்ன வெளையாட்டுக்கா இதச் செய்யுறா?" என்றார் அம்மா. விளையாட்டுக்கு இல்லையென்றால் என் விளையாட்டை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கேள்வி.

அந்தச் சின்ன ஜன்னலில், மரமில்லாத, சத்தமில்லாத மலையில், அத்தைக்குக் குமட்டல் நின்றுவிட்டது உண்மைதான். ஒரு நாள் வாந்தி வராமல் அடிவாரம்வரை இறங்கிவிட்டு, பெருமையாக எங்கள் எல்லாரையும் பார்த்தார். "நெச பஸ்ஸுல மரத்த யாரு எடுப்பாங்க?" என்றார் அப்பா. சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னார். அத்தை கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார்.

நேர்காணலுக்கு முந்தின நாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது கரண்ட் அப்போதுதான் போயிருந்தது. அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார். முகம் மஞ்சளாக இருந்தது. பயத்தில் இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கொல்லையில் அம்மா புலம்பிக்கொண்டிருந்தார்.

"துணி ஊற வைக்கிற பேசின எடுத்து என்னத்துக்கு வச்சிருந்தாளோ தெரியல. நான் ரேசன் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள சாம்பலப் போட்டு இந்தத் தேய் தேச்சுக் கவுத்து வச்சிருக்கா."

பேசின் மதில்மேல் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தது. அதில் எனக்கென்ன? கரண்ட் வராததால் அன்றைக்கு என் ஒரு மணி நேரம் போய்விட்டதே என்பதுதான் என் கவலை. ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. மறுநாள் வெள்ளனே, நான் எழுவதற்கு முன்னாலேயே, அப்பாவோடு முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஓடிவந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அத்தை ஊரில் இல்லை. முழு ஒரு மணி நேரமும் எனக்குத்தான். பந்தயம் ஆரம்பித்ததும் கார் ஒரு வெட்டு வெட்டி நின்றது. மறுபடி ஒரு வெட்டு. என்ஜின் சத்தம் காதைப் பிளந்தது. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படம் திரை நிறைய இருந்தது. மரம், நிழல், தூரத்து மலை எல்லாமே முழு அளவில் இருந்தன. காருக்குள் இருந்து பார்க்கிற படம். சத்தம் கடைசிவரை ஏற்றியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் நானே ஒரு வளைவுகூட ஓட்ட முடியாமல் விட்டுவிட்ட அமைப்பு அது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் எல்லாவற்றையும் குறைத்துக் குறைத்து வைத்தவர், போகிற நாளில் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை நாள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தும் இதுகூடப் புரியவில்லையே என்று ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தேன். மாற்றி முடிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அம்மா ஓடினார். "என்னாச்சுங்க? போயிச் சேந்தாளா?"

"சேந்தாளாவா? போகயில ஒண்ணுமில்ல, வரயிலயும் ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "வழி நெடுக வேடிக்கை பாத்துக்கிட்டே வர்றா. கேட்டதுக்கெல்லாம் டாண் டாண்ணு பதில் சொன்னாளாம். எனக்குத்தான் மலையேறி ஊத்து ஊருக்கிட்ட வரயில கொமட்டிக்கிட்டு வந்துருச்சு."

அந்த வேலை அத்தைக்குக் கிடைத்தது. உத்தரவு வந்தது பிறகுதான் என்றாலும், அன்றைக்கே எல்லாரும் கிடைத்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் என் பிரச்சினை தீரவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"செட்டிங்ஸ எதுக்கு அத்த அப்படி வச்சிட்டுப் போனீங்க? எல்லாத்தையும் முழுசா வச்சா அது தூக்கித் தூக்கிப் போடும்னு சொல்லியிருக்கேன்ல? அதுல யாராலயாச்சும் ஓட்ட முடியுமா?"

அத்தை பைக்குள்ளிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். நகம்கூடப் படாமல் அப்படியே இருந்தது.

"ஒன் கம்ப்யூட்டருக்கு அந்த பஸ்ஸு எம்புட்டோ தேவல, புள்ள" என்றார்.

என் கம்ப்யூட்டரை அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னதற்காக, அந்த வாரம் முழுக்க நான் அத்தையோடு பேசவில்லை.