பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போகாத அலை

கம்பியில்லா இணையத்துக்குப் புகார் கேட்பது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஏன் வரவில்லை என்று நாள் முழுக்கப் பதில் சொல்லும் வேலை. வீட்டில் பேச ஆளில்லை என்றுதான் அருப்புக்கோட்டையில் இந்த நாற்காலிக்கு வந்தேன். இப்போது பேச்சுக்குக் குறைவில்லை. போனை எடுத்த கையோடு திட்டு வாங்கிப் பழகியவர்களே, உங்களுக்குப் புரியும்.

திரும்பும் ஆண்டெனா

பரளச்சி கிராமத்து டவரில் ஸ்மார்ட் ஆண்டெனா மாட்டினோம். பழையது ஊருக்குப் பொதுவாக அலையை இறைக்கும். இது, எந்த வீட்டில் நெட் ஓடுகிறதோ அந்த வீட்டைக் குறிவைத்து அனுப்பும், வேகம் கூடும். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் மருமகளுக்காக இணைப்பு வாங்கிய பஞ்சவர்ணத்திடம் இதைப் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாஞ் சரிக்கா. எங்க ஓரகத்தி வீட்டுப் பக்கம் மட்டும் அதத் திரும்ப விட்றாதீக."

சேகர் முகராசி

அடுத்த மாதமே புகார். காலை மீட்டிங்கின் நடுவே மருமகள் திரையிலிருந்து காணாமல் போகிறாள். எங்கள் டெக்னீஷியன் சேகர் சாயங்காலம் போய்ப் பார்த்தால் நெட் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. இப்படி மூன்று முறை. இன்னொரு தடவை நெட் நின்றால் கம்பெனியில் சென்னைக்கே வந்துவிடச் சொல்லிவிட்டார்களாம். மருமகள் போனால் கைக்குழந்தையும் போகும்.  ஆனாலும் பஞ்சவர்ணம் கேலியை விடவில்லை:

"அக்கா, பேசாம இந்தச் சேகரை எங்க மாடியிலயே கட்டிப்போட்டு வச்சிருங்க. அவுக மொகத்தப் பாத்தாத்தான் அது வருது."

மாடியில் பார்த்தது

புகார் வந்த நாட்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் புதன்கிழமை. "புதன்கிழமை உங்க வீட்டுல என்ன விசேஷம்?" என்றேன். "அன்னைக்குத்தான தண்ணி வரும்!"

அடுத்த புதன் காலை நானும் சேகரும் மாடி ஏறினோம். டவரைப் பார்த்து நின்று அலையை வாங்கும் எங்கள் பெட்டிக்கு நேர் முன்னால், இணைப்புக் கொடுத்த பிறகு வைத்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. காலியாக இருந்தால் அலையை விட்டுவிடும்; நிறைந்தால் குடித்துவிடும். சேகர் வரும் சாயங்காலத்துக்குள் துணி துவைத்து, அண்டா குடமெல்லாம் நிரப்பிப் பாதி இறங்கியிருக்கும். அப்போது விளிம்புவரை நிறைந்திருந்தது. பெட்டியை இடம் மாற்ற நீளமான கம்பம் வேண்டும். சேகர் டவுனுக்குப் போய் வர இரண்டு மணி நேரம். மீட்டிங்குக்கு அரை மணிதான்.

பஞ்சவர்ணம் ஒரு நிமிடம் தொட்டியைப் பார்த்தார். குழாயைத் திறந்துவிட்டார். ஒரு வாரத் தண்ணீர் மாடியிலிருந்து தெருவுக்குக் கொட்ட, அண்டை வீடுகள் குடத்தோடு ஓடிவந்தன. பாதி இறங்கியதும் கீழே மருமகளின் இங்கிலீஷ் கேட்டது. சேகர் தலையில் கைவைக்க, பஞ்சவர்ணம் சொன்னார்:

"போனாப் போகுது. தண்ணி அடுத்த புதன் வந்துரும். இவ போனா வருவாளா?"

அன்றே பெட்டியை இடம் மாற்றிவிட்டு, புகார்ப் புத்தகத்தில் பழுதுக்குக் காரணம் 'தண்ணீர் அதிகம்' என்று எழுதினேன். இந்த வானம் பார்த்த சீமையில் அப்படியொரு புகாரை எழுதியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.