நசுங்காத எலுமிச்சம்பழம்

1980களின் தொடக்கத்தில் என் தொந்தியும் மூட்டுவலியும் ஒன்றாக வளர்ந்தன. சிக்னலில் என் பெரிய மோட்டார் சைக்கிளைக் காலூன்றித் தாங்க முடியவில்லை. மூன்று சக்கர வண்டியாக மாற்றிவிட்டால் மனைவி விமலாவோடு மலாக்கா வரை போகலாமே! எனக்குத் தூக்கமே வரவில்லை.

விமலாவோடு போய் ஜாலான் புசார் சாலையில் இரண்டு பட்டறைகளை விசாரித்தேன். முதல் பட்டறைக்காரர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வெயிட்டுக்கு மணல் மூட்டை ஏத்தி ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன். ஒரு மாசம் ஆகும்." மூட்டை என்றது எனக்குச் சுருக்கென்றது. இரண்டாமவரோ, "சார் ஹீரோ மாதிரி இருக்கீங்க! ஒரே வாரம் லா!" என்றார். தொழில் தெரிந்தவர் என்று முடிவுகட்டினேன்.

சொன்னபடி ஒரே வாரத்தில் வண்டி கைக்கு வந்தது; மறுநாளே மலாக்கா பயணம் என்று முடிவு. பளபளத்த வண்டியோடு காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். குருக்கள் மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். வெற்றிவீரனாக வண்டியை நகர்த்தினேன். 'டக்'கென்று சத்தம். பற்றவைத்த இடம் விட்டுப்போய், பின்பக்க இடது சக்கரம் சாய்ந்தது, கூடவே நானும்.

"ஏங்க, பழம் அப்படியே இருக்கு, வண்டிதான் நசுங்கிடுச்சு!" என்று சிரித்த விமலா, சட்டென்று நிறுத்தினாள். "நாளைக்கு ஹைவேயில நான்ல பின்னாடி உட்கார்ந்திருப்பேன்?"

வண்டியை லாரியில் ஏற்றி முதல் பட்டறையிலேயே இறக்கினேன். மணல் மூட்டைகள் போய்வந்த பிறகு நாங்களும் மலாக்கா போய்வந்தோம். வழியெல்லாம் ஒரே கொண்டாட்டம்!

இப்போதெல்லாம் எந்தப் பட்டறையிலும், "முழுப் பாரம் ஏத்தி ஓட்டிக் காட்டுவீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். யாராவது என்னை ஹீரோ என்றால், அடுத்த பட்டறைக்கு நடையைக் கட்டிவிடுகிறேன்.